சூசை, பெண், 1,240 கிராம்

ஆகஸ்ட் 7

இது வளர்மதி டீச்சர் கொடுத்த நோட்டு. எண்பது பக்கம். மாலை வகுப்பில் தேறிய ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் படித்த எழுத்தெல்லாம் வந்த வழியே போய்விடும் என்றார். நான்கு மாதமாக முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. எழுத என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இப்போது இருக்கிறது.

என் பெயர் சூசை. வயது அறுபத்தெட்டு. தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். மனைவி ரோசலி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் கிளாட்வின் கொச்சியிலிருந்து தங்குகடல் போகும் மீன்பிடிப் படகில் இருக்கிறான். போனால் கரைக்கு வர நாற்பது நாள் ஆகும். வீட்டில் நானும் மருமகள் ஜெசிந்தாவும்தான்.

நேற்று முன்தினம் பனிமய மாதா திருவிழா. ஊரே தெருவில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஜெசிந்தாவை ஏற்றிப்போன ஆட்டோ நகரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் முன்னால் ஓடி ஓடி வழி விலக்கினார். பகல் பன்னிரண்டரை மணிக்கு ஜெசிந்தாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். அவளுக்கு பிரஷர் ஏறிவிட்டது. குழந்தை இரண்டு மாதம் முந்திக்கொண்டது. எடை 1,240 கிராம்.

இவ்வளவு எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆனது. விரல் வலிக்கிறது. எழுதியதைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் நான் நினைத்தபடியே இருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆகஸ்ட் 8

குழந்தை இருக்கும் இடத்தின் வாசலில் ஒரு போர்டு. "பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு." புள்ளி எழுத்தையும் சேர்த்து இருபத்திரண்டு எழுத்து. வாட்ச்மேன் என்னை மூன்று தடவை தள்ளி நிற்கச் சொன்னார். நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். முடிக்கும்வரை விட்டுவிட்டார். நல்ல மனிதர்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் குழந்தை. என் உள்ளங்கை முதல் முழங்கைவரை கூட இல்லை. தோல் வழியாக நரம்பு தெரிகிறது. ஆனால் கொட்டாவி விட்டாள். முழுக் கொட்டாவி. பெரிய ஆள் விடுவது போல.

ஆகஸ்ட் 9

காலையில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தேன். பூண்டு அதிகம் போட்டேன். ஜெசிந்தாவுக்குப் பால் ஊற வேண்டும். ரோசலி செய்வது போல உதிரியாக வரவில்லை, கொஞ்சம் குழைந்துவிட்டது. ஜெசிந்தா சாப்பிட்டாள்.

அவள் மாடியில் தாய்மார்கள் அறையில் இருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுத்துச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மூடித் தருகிறாள். நான் கீழே கொண்டுபோகிறேன். நர்ஸ் அதைக் குழாய் வழியாகக் குழந்தைக்குக் கொடுக்கிறார். ஒரு வேளையும் ஜெசிந்தா தவறவிடவில்லை.

ஆனால் குழந்தையைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள். சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறேன் என்று ஆயா சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். நான் குழந்தை கொட்டாவி விட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். "மாமா, எட கூடிருக்கா குறஞ்சிருக்கா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

குறைந்திருந்தது. 1,180. சொன்னேன்.

ஆகஸ்ட் 10

ஆஸ்பத்திரி வாசலில் என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கிடைத்த ஜோடி என்னுடையதைவிடப் புதுசு.

ஆகஸ்ட் 11

இன்று நிறைய எழுத வேண்டும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். இப்போது மணி நான்கு.

அந்தப் பிரிவின் நர்ஸ் பெயர் இசக்கியம்மாள். எல்லாரும் சிஸ்டர் என்கிறார்கள். இன்று சுவரில் ஒரு படத்தின் மேல் "கங்காரு தாய் பராமரிப்பு" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கங்காருத்தாய் யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் முகமூடிக்குள் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கங்காரு என்பது வெளிநாட்டு மிருகமாம். குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்குமாம். அதுபோலக் குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாகக் கட்டிவைத்தால் கண்ணாடிப் பெட்டியைவிட நன்றாக வளருமாம். மூச்சு சீராகுமாம். எடை ஏறுமாம். பெட்டிக்குச் சூடு மட்டும்தான் தெரியும், நெஞ்சுக்குள் அடிக்கிற சத்தம் அதனிடம் இல்லை என்றார்.

அம்மாதான் செய்ய வேண்டும். அம்மா முடியாவிட்டால் அப்பா. "ரெண்டு பேரும் இல்லன்னா வீட்டாளு யாராவது வரணும் தாத்தா. பொம்பளையாளு யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். தங்கச்சி, அக்கா, சித்தி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன்.

"நான் இருக்கேனே" என்றேன்.

சிஸ்டர் டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தார். சரி என்றுவிட்டார்கள். என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். நகம் வெட்டினேன். முழங்கைவரை சோப்புப் போட்டு எழுபதுவரை எண்ணிக் கழுவினேன். சட்டையைக் கழற்றினேன். கழுத்தில் கிடந்த உத்தரியத்தையும் கழற்றச் சொன்னார்கள். சிறுவயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அது என் கழுத்தில் கிடந்தது. மாதாவின் படம் தைத்த சின்னத் துணிதான். சட்டைப் பையில் வைத்து அதற்குச் சமாதானம் சொன்னேன்.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குல்லாவும் காலுறையும் மட்டும் போட்ட குழந்தையை என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்தார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி, காலைத் தவளை போல மடக்கி, சுற்றி ஒரு துணியால் கட்டினார்கள். நான் மூச்சே விடவில்லை. "தாத்தா, நீங்க மூச்சு விட்டாத்தான் அது விடும்" என்றார் சிஸ்டர். விட்டேன்.

ஒரு அயிரை மீன் கையில் துள்ளுவது போல அவள் நெஞ்சு அடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கிவிட்டாள்.

நான் குளிரைக் காத்தவன். ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, உமி போட்டு மூடி, வெயில் எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்து கிடைத்தால் சூடு உள்ளே வந்துவிடும். இன்று துணியின் ஓரத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தச் சந்து வழியாகச் சூடு வெளியே போகிறது என்று. இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு அட்டை கொடுத்தார்கள். யார் வைத்திருந்தது, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, எடை எவ்வளவு என்று தினமும் குடும்பத்தார் எழுத வேண்டும். படிக்கத் தெரியுமா என்று கேட்டார் சிஸ்டர். தெரியும் என்றேன். இதை என் வாழ்நாளில் முதல் தடவை ஒருவரிடம் சொன்னேன்.

நானே எழுதினேன். பெயர்: சூசை. ஆணா பெண்ணா: பெண். பிறந்தபோது எடை: 1,240 கிராம். இன்று: 1,150.

ஆகஸ்ட் 12

அட்டையைப் பார்த்து இசக்கியம்மாள் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டம் குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டமாம். "தாத்தா, பொம்பளப் புள்ளைக்கு நல்லாத்தான் பேரு வச்சிருக்கிய" என்றார்.

பெயர் என்று எங்கே கண்டாலும் நம் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று வகுப்பில் பழகியிருக்கிறோம். ரேஷன் தாள், பேங்க் தாள், பரீட்சைத் தாள், எல்லாவற்றிலும் அப்படித்தான். அந்த வார்த்தையைக் கண்டதும் கை தானாக ஓடிவிட்டது. அதற்கு முன்னால் இருந்த வார்த்தையைப் பார்க்கவில்லை. பேனாவில் எழுதியதால் அழிக்கவும் முடியாது. அம்மா பெயர் வைத்ததும் அடித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொன்னார். அம்மா பெயர் வைக்கமாட்டாள் என்று நான் சொல்லவில்லை.

அதற்குள் ஆயாவுக்கும் தெரிந்துவிட்டது. "சூசை ஒண்ணுக்குப் போயிட்டாரு, துணி மாத்துங்க" என்று என்னிடமே சொல்கிறார். துணி மாற்றக் கற்றுக்கொண்டேன். காலைத் தூக்கக் கூடாது, ஒரு பக்கமாக உருட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 14

எடை 1,160. பத்து கிராம் ஏறியிருக்கிறது. பத்து கிராம் எவ்வளவு என்று பலசரக்குக் கடையில் கேட்டேன். கொஞ்சம் மிளகு நிறுத்துக் காட்டினார்கள். அந்த மிளகை வாங்கிவந்து ஜெசிந்தாவிடம் காட்டினேன். இவ்வளவு ஏறியிருக்கிறது என்றேன். அவள் மிளகைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு ரசத்துக்கு ஆகும் மாமா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

குழந்தையோடு பேசுங்கள் என்று சிஸ்டர் சொல்கிறார். குரல் கேட்டால் மூளை வளருமாம். எனக்கு என்ன பேசத் தெரியும்? ஐஸ் கம்பெனியில் இயந்திரச் சத்தத்தில் யாரும் பேசமாட்டோம், கை காட்டுவோம். அதனால் படித்துக் காட்டினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற போர்டு எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கைகளைக் கழுவவும். செல்போன் பேசக் கூடாது. அவசர வழி. தீ அணைப்பான். சத்தம் போடாதீர். இதைப் படித்தபோது நானே கொஞ்சம் சத்தமாகத்தான் படித்தேன் போலிருக்கிறது. பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா சிரித்தாள்.

அவசர வழி என்று படிக்கும்போது குழந்தை கண்ணைத் திறந்தாள். இன்னொரு தடவை படித்தேன். மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்றத் திருநாள். ஆஸ்பத்திரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். 1,170.

ஆகஸ்ட் 17

மத்தியானம் எங்கள் கோயில் உபதேசியார் லாசர் வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். குழந்தை மெலிந்து பிறந்திருப்பதால் எதற்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், பங்குச் சாமியார் வர முடியாவிட்டால் தானே தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லிவிடலாம், ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டார்.

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் இன்னொரு தடவை கேட்டார்.

"பேரு வச்சுத்தானே அவன அனுப்புனோம். இவளுக்குப் பேரு இல்ல" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

உபதேசியாரை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்தான் எங்களோடு நின்றார்.

நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. டீச்சர் இந்த நோட்டை வாங்கிப் பார்ப்பார். ஆனால் எழுதாவிட்டால் அவருக்கு இது விளங்காது. சுருக்கமாக எழுதுகிறேன். முதலில் ஒரு பையன் பிறந்தான். அவனும் முந்திப் பிறந்தவன். நான்காம் நாள் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னோம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விட்டான். கல்லறைத் தோட்டத்து நோட்டில் வீட்டுப் பெரியவர் என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். பெருவிரலை வைத்தேன். பக்கத்தில் அவன் பெயரை எழுதியிருந்தார்கள். எது அவன் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

விரலில் இருந்த மை மூன்று நாள் போகவில்லை. அடுத்த வருடம் வகுப்பில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன்.

1,190.

ஆகஸ்ட் 19

காலை பத்தரைக்கு குழந்தை நெஞ்சில் இருந்தாள். நான் தீ அணைப்பான் படித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சின் மேல் இருந்த சின்ன ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது. இயந்திரம் கத்துவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் என்று கூப்பிட்டேன். அவர் ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். உள்ளங்காலை விரலால் இரண்டு தடவை சுண்டினார். அவள் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி மூச்சு விட்டாள். இந்த மாதத்தில் பிறந்தவர்கள் சில நேரம் மூச்சு விட மறந்துபோவார்கள், நாம் ஞாபகப்படுத்த வேண்டும் என்றார் சிஸ்டர். டாக்டர் வந்து பார்த்து மருந்தை மாற்றி எழுதினார். எனக்கும் காலைச் சுண்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

மாடிக்குப் போய் 1,205 என்றேன். ஜெசிந்தா என் சட்டையைப் பார்த்தாள். "ஏன் மாமா பொத்தான மாத்திப் போட்டிருக்கிய?" என்றாள். அவசரமாகக் கிளம்பி வந்தேன் என்றேன்.

கிண்ணத்தைக் கொடுக்கும்போது, "அதுக்குக் கால் சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டாள். எடையைத் தவிர அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். இல்லை, என் கையைவிடச் சூடு என்றேன். "உங்க கை ஐஸ் கம்பெனிக் கை" என்றாள்.

ஆகஸ்ட் 20

அட்டையில் பத்து நாள் முடிந்துவிட்டது. எல்லாக் கட்டத்திலும் என் எழுத்து. முதல் நாள் எழுதிய ஐந்தும் இன்று எழுதிய ஐந்தும் வேறு வேறு ஆளின் ஐந்து போல இருக்கின்றன. இன்றைய ஐந்து நிமிர்ந்து நிற்கிறது.

ஆகஸ்ட் 21

புது அட்டை கொடுத்தார்கள். பிறந்தபோது இருந்த எடைக்கு இன்று வந்துவிட்டாள். 1,240.

மேலே முதல் கட்டம் "குழந்தையின் பெயர்." இந்த முறை முதல் வார்த்தையிலிருந்து நிறுத்திப் படித்தேன். ஒன்றும் எழுதாமல் விடலாம் என்றார் சிஸ்டர். வெறுமையாக விடுவது என்னவோ போல இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் கருவாடு வாங்கினேன். கத்தரிக்காய் விலை குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 23

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

ஆயா மாடிக்குப் போனபோது ஜெசிந்தாவிடம், உங்க சூசை பால் குடிக்கக் கத்துக்கிட்டாரு, குழாய எடுத்தாச்சு, சங்கு மாதிரி பாலாடையில ஊத்தினா நக்கிக் குடிக்காரு என்று சொல்லியிருக்கிறார். நான் கிண்ணம் வாங்கப் போனபோது ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைத் தரவில்லை.

"யாரு மாமா சூசை?"

தவறிப்போய் எழுதிவிட்டேன் என்று நடந்ததைச் சொன்னேன். பெயர் என்ற கட்டம், என் கை, புது அட்டை கொடுத்தது, எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"பேரு வச்சிட்டியளா? பேரு வைக்காதிய வைக்காதியன்னுதானே நான் கெடக்கேன். எத்தன நாளா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ?"

பதினோரு நாளாக என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்கிற விஷயமில்லை.

"ஜெசிம்மா, அது எம்பேரு. அந்தப் பேரச் சொல்லி மேல இருந்து யாராவது கூப்பிட்டா, நான்தான் போகணும். அவ இல்ல. நான் அறுபத்தெட்டு வருசம் இருந்தாச்சு. கூப்பிட்டுப் பாக்கட்டும்."

அவள் கிண்ணத்தின் மூடியை அழுத்தி மூடினாள். ரெண்டாவது அட்டையிலும் அதையே எழுதினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் தவறிப்போயா என்று கேட்டாள். கிண்ணத்தைக் கொடும்மா, பால் ஆறுது என்றேன்.

"நான் கொண்டுட்டு வாரேன்" என்றாள்.

சக்கர நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் முன்னால் இறங்கினேன், தடுமாறினால் தாங்க. போர்டுக்குக் கீழே நின்றுவிட்டாள். பயப்படுகிறாள் என்று தெரிந்தது. நான் அவளுக்குப் போர்டைப் படித்துக் காட்டினேன். இருபத்திரண்டு எழுத்தையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. "தெரியும் மாமா, நான் பன்னெண்டாப்பு" என்றாள். ஆனால் உள்ளே வந்துவிட்டாள்.

கை கழுவினாள். இசக்கியம்மாள் சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பதினேழு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. திரையை இழுத்துவிட்டு அவளை உட்காரவைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். திரைக்குக் கீழே அவள் கால் மட்டும் தெரிந்தது. முதலில் இரண்டு காலும் விறைத்து நின்றன. சிறிது நேரத்தில் ஒரு கால் தளர்ந்தது. பிறகு மற்றதும்.

மூன்றரை மணி நேரம் வைத்திருந்தாள். என் கணக்கு இரண்டு மணிக்கு மேல் போனதில்லை.

ஆகஸ்ட் 26

1,340. எனக்கு வேலை குறைந்துவிட்டது. ஜெசிந்தா காலையும் மாலையும் வைத்திருக்கிறாள். மத்தியானம் அவள் சாப்பிடுகிற நேரம் மட்டும் என் முறை. மத்தியானச் சோற்றைச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுகிறாள். மெதுவாகச் சாப்பிடு என்று சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29

பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பாவுக்குக் கட்டுத்துணி கட்டக் கற்றுக்கொடுத்தேன். சிஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவன் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டான். உடம்பு முழுக்கச் சந்தனம் பூசியிருந்தான். முதலில் போய்க் குளித்துவிட்டு வா என்றேன்.

செப்டம்பர் 3

1,520. ஜெசிந்தா குழந்தையின் காதில் எதையோ சொல்கிறாள். உதடு அசைகிறது. என்ன என்று நான் கேட்கவில்லை. அட்டையில் இன்னும் சூசை என்றுதான் இருக்கிறது. அவள் அடிக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9

கிளாட்வின் கரைக்கு வந்துவிட்டான். கொச்சியிலிருந்து போன் செய்தான். பிள்ளை பிறந்துவிட்டது என்றேன். "எப்பா, மொத மாதிரியா?" என்றான். 1,660 கிராம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அழுகிறாள், பால் குடிக்கிறாள், கொட்டாவி விடுகிறாள் என்றேன். போனிலேயே அழுதுவிட்டான்.

செப்டம்பர் 11

கிளாட்வின் வந்தான். நாற்பது நாள் கடல் வாடை. மூன்று தடவை சோப்புப் போட வைத்தேன். அவன் நெஞ்சில் வைத்ததும் குழந்தை முகத்தைச் சுளித்தாள். பிறகு பழகிவிட்டாள். ஒன்றும் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். போர்டைப் படிடா என்றேன்.

செப்டம்பர் 16

இன்று வீட்டுக்கு விட்டார்கள்.

எப்படிக் கவனிக்க வேண்டும் என்று இசக்கியம்மாள் சிஸ்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். உதடு நீலமானால், பால் குடிக்க மறுத்தால், கால் சில்லிட்டால் உடனே கூட்டிவர வேண்டும். வீட்டிலும் நெஞ்சில் வைத்துக்கொள்வதை நிறுத்தக் கூடாது. வாரம் ஒரு முறை எடை பார்க்க வர வேண்டும். கிளாட்வின் கேட்டுக்கொண்டான். நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக அட்டையை நீட்டினார். வீட்டுக்குப் போகும்போது பெயரைச் சரி செய்து வாங்கிவிடுவது வழக்கமாம். கிளாட்வின் கையை நீட்டினான். ஜெசிந்தா அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"நீங்களே எழுதுங்க மாமா. ஞானப்பூ."

ஜெசிந்தாவுடைய அம்மாவின் பெயர். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனவள்.

டீச்சர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த எழுத்துகளில் ஒன்று ஞ. எனக்கு அது வரவே வராது. வளைத்துக்கொண்டு போய் எங்கே முடிப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வெளியே போய்விடும். இது எதற்கு உபயோகப்படப் போகிறது என்று ஒரு நாள் டீச்சரிடம் கேட்டுவிட்டேன். உபயோகப்படும் நாளில் தெரியும் என்றார்.

சிஸ்டரிடம் ஒரு பழைய தாள் வாங்கி ஆறு தடவை எழுதிப் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார், கிளாட்வின் போய்ப் பேசிவிட்டு வந்தான். ஏழாவதை அட்டையில் எழுதினேன். சூசை என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே: ஞானப்பூ. பெண். 1,810 கிராம்.

அட்டையின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. இத்தனை நாள் அதை யாரும் நிரப்பவில்லை. "கங்காரு பராமரிப்பு அளித்தவர் பெயர்." முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை இரண்டு தடவை படித்தேன். பிறகு அங்கே சூசை என்று எழுதினேன். பக்கத்தில் ஜெசிந்தா, கிளாட்வின் என்றும் எழுதினேன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

செப்டம்பர் 17

காலையில் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்கள். என் பெருவிரல் ரேகை ஊதாவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். யோவான். மூன்று எழுத்து, ஒரு புள்ளி.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டேன். வீட்டில் போர்டு எதுவும் இல்லை. இந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவசர வழி வந்த இடத்தில் கண்ணைத் திறந்தாள்.